மேல் அறையின் வாடகை

ஹெல்சிங்கி, 1979 அக்டோபர் 15

மதிப்பிற்குரிய தாவெத்தி லாக்கோனன் அவர்களுக்கு,

மக்கள் தங்கள் வீடுகளில் கூலி வாங்காமல் செய்யும் வேலைக்கும், வாடகை கொடுக்காமல் குடியிருக்கும் சொந்த வீட்டுக்கும் என்ன மதிப்பு என்று கணக்கிடும் ஆய்வுக்காக நீங்கள் இரண்டு நாள் குறிப்பேடு எழுதி அனுப்பினீர்கள். நன்றி. கையெழுத்து தெளிவாக இருக்கிறது. ஆனால் மூன்று இடங்களில் எனக்குச் சிக்கல். அச்சடித்த படிவத்தில் இதையெல்லாம் கேட்க இடமில்லை என்பதால் கையால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு நேராக "சவுனா" என்று எழுதி, அங்கிருந்து இரவு எட்டு மணிவரை ஒரு நீண்ட அம்புக்குறி போட்டிருக்கிறீர்கள். எங்கள் அட்டவணையில் சவுனா என்றால் குளியல், குளியல் என்றால் உடல் சுத்தம். ஆக நீங்கள் ஆறு மணி நேரம் குளித்திருக்கிறீர்கள். இயந்திரம் படிப்பதற்காக அட்டையில் துளை போடும் பெண்கள் உங்களை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

அடுத்து, இரண்டு நாளிலும் சேர்த்து ஏழு இடங்களில் "ஒன்றுமில்லை" என்று இருக்கிறது. எங்கள் இயந்திரத்துக்கு எல்லாவற்றுக்கும் ஓர் எண் உண்டு. ஒன்றுமில்லை என்பதற்கு எண் கிடையாது.

கடைசியாக, முப்பத்தொன்றாம் கேள்வி. "உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் மாதம் எவ்வளவு கிடைக்கும்?" அதற்கு நேரே ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கிறீர்கள். இந்தக் கேள்விதான் என் பொறுப்பு. தயவுசெய்து ஒரு தொகை எழுதுங்கள்.

பணிவுடன்,
ரைலி பாரோனன்
வீட்டுப் பணி ஆய்வு அலுவலகம்


கைவோமாக்கி, அக்டோபர் 28

பாரோனன் அம்மையாருக்கு,

உங்கள் கடிதத்தை நானே சுமந்து வந்து எனக்கே கொடுத்துக்கொண்டேன். நான் தபால் பேருந்து ஓட்டுகிறவன். நகரத்தில் பை மாற்றும்போது அலுவலக உறையில் என் பெயரைப் பார்த்தேன். நாற்பது கிலோமீட்டரும் என்ன தப்புச் செய்தேன் என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன். குளியலைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள் என்று தெரிந்ததும் காபி போட்டுக் குடித்தேன்.

சனிக்கிழமை விவரம் இதுதான். ஏரியிலிருந்து பதினெட்டு வாளி தண்ணீர். பிர்ச் விறகு பிளந்து உள்ளே அடுக்கியது. பழைய சாம்பலை அள்ளிக் கொட்டியது. பலகையைத் தேய்த்துக் கழுவியது. அடுப்பு மூட்டி, கல் சூடாக இரண்டு மணி நேரம், அதற்குள் நாலைந்து தடவை போய் விறகு போட்டது. பிறகு ஒரு மணி நேரம் ஆவியில் உட்கார்ந்தது, அதுதான் குளியல். பிறகு வெளியே படியில் உட்கார்ந்திருந்தேன். அது வேலையா குளியலா என்று உங்கள் இயந்திரத்தைக் கேளுங்கள்.

"ஒன்றுமில்லை" என்று எழுதிய இடங்களில் கதவின் கொண்டியைச் சரிசெய்தேன், குளிர்காலத்துக்கு உள் ஜன்னல்களை மாட்டி இடுக்கில் பஞ்சு வைத்துக் காகிதப் பட்டை ஒட்டினேன், புகைபோக்கிக்கு மூடி அடித்தேன். செய்ய வேண்டியதைச் செய்வதில் சொல்ல என்ன இருக்கிறது?

முப்பத்தொன்றுக்கு எனக்கு உண்மையாகவே பதில் தெரியாது. போரிலிருந்து திரும்பி 1947இல் நானும் அண்ணனும் அக்கம்பக்கத்தாருமாகச் சேர்ந்து கட்டிய வீடு. இன்றுவரை ஒருவரும் வாடகைக்குக் கேட்டதில்லை. கேட்டுவிட்டால் நான் எங்கே போய்ப் படுப்பேன்?

ஆனால் விற்பீர்களா என்று கேட்கிறார்கள். உங்கள் ஊர்ப் பல் மருத்துவர் ஒருவருக்குக் கோடைக்கு வந்துபோக ஏரிக்கரை வீடு வேண்டுமாம். என் மனைவி எல்மா இறந்துபோய் ஆறு வருடம் ஆகிறது. மகள் மார்யாத்தா சுவீடனில் தொழிற்சாலையில் இருக்கிறாள். "அப்பா, அந்த வீடு சும்மாதானே நிக்குது. வித்துட்டு இங்க வந்து எங்களோட இரு" என்கிறாள் தொலைபேசியில். வசந்தத்தில் எனக்குப் பணி ஓய்வு. அடுத்த ஆகஸ்டுக்குள் முடிவு சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். அவள் சொல்வதில் தப்பில்லை. வீடு நிற்கத்தான் செய்கிறது.

தா. லாக்கோனன்


ஹெல்சிங்கி, நவம்பர் 12

மதிப்பிற்குரிய லாக்கோனன் அவர்களுக்கு,

உங்கள் பதினெட்டு வாளியை வேலையில் சேர்த்துவிட்டேன். ஒரு மணி நேரம் குளியல். படியில் உட்கார்ந்ததை ஓய்வு என்று போட்டிருக்கிறேன், ஆட்சேபம் இருந்தால் எழுதுங்கள்.

உங்கள் மகள் சொன்ன சொல் என்னை இரண்டு நாள் தொந்தரவு செய்தது. இப்படி யோசித்துப் பாருங்கள். நீங்கள் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறீர்கள், பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் வீட்டில் குடியிருக்கிறார். ஒருவருக்கொருவர் வாடகை கொடுப்பீர்கள். அப்போது நாட்டின் வருமானத்தில் இரண்டு வாடகையும் ஏறும். இருவரும் அவரவர் வீட்டுக்குத் திரும்பினால் பணம் கைமாறாது. அதற்காகக் கூரை காப்பதை நிறுத்திவிடுமா, அடுப்பு சூடு தராதா? வீடு நிற்கிறது என்றால் அது தினமும் உங்களுக்கு வேலை செய்துகொண்டு நிற்கிறது. அந்த வேலைக்குத்தான் தொகை தேடுகிறேன்.

எங்கள் பிரிவுத் தலைவர் வேறு மாதிரி. "ரைலி, அந்தக் காட்டுல எவன் வாடகைக்கு வரான்? வாடகையே இல்லாத ஊருக்குப் பூஜ்யம் போட்டுட்டுப் போம்மா" என்கிறார். அவர் கெட்டவர் இல்லை, மார்ச்சுக்குள் அட்டவணை முடிய வேண்டும் என்ற அவசரம். ஆனால் உங்கள் வீட்டுக்கு நேரே பூஜ்யம் போட என் கை வரவில்லை.

உங்கள் ஊரில் வாடகைக்குக் குடியிருப்பவர் ஒருவராவது உண்டா? நீங்களும் கொஞ்சம் விசாரியுங்கள். நானும் முப்பத்தொன்றாம் கேள்வியை மட்டும் தனியாக அச்சடித்து ஊரிலுள்ள பதினைந்து வீட்டுக்கும் அனுப்புகிறேன். பதினைந்து பதில் வந்தால் தலைவர் வாயை மூடிக்கொள்வார்.

ரைலி பாரோனன்


கைவோமாக்கி, டிசம்பர் 9

அம்மையாருக்கு,

பதினைந்து உறையையும் நான்தான் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது ஊரில் பாதிப்பேர் என்னோடு பேசுவதில்லை.

நீங்கள் கேட்டபடி கூட்டுறவுக் கடையில் விசாரித்தேன். ஊரில் ஒரே ஒரு வாடகைக் குடித்தனம் உண்டு. கடைக்கு மேலே இரண்டு அறை, அதில் கடையை நடத்தும் கெர்த்து இருக்கிறாள். சங்கம் சம்பளத்தில் ஏதோ பிடித்துக்கொள்கிறது, எவ்வளவு என்று அவளுக்கே தெரியாது. நான் கேட்டதும் மாவு நிறுப்பதை விட்டுவிட்டு, கடையிலிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தாள்:

"ஏம்பா தாவெத்தி, யாருக்கு வேவு பாக்குற? சொந்த வீட்ல படுக்குறதுக்கே வரி வாங்குறானுங்க. இப்ப வாடகை எவ்வளவு வரும்னு எழுதிக் குடுத்தா, அதையும் சேத்துப் போடுவானுங்க. நம்ம கையாலயே எழுதி வாங்கறான், அதையும் நீயே கொண்டாந்து குடுக்குற."

அன்று மாலைக்குள் ஊரில் எல்லாக் கூரையும் ஒழுக ஆரம்பித்துவிட்டது. காகிதத்தில் சொல்கிறேன். ஒருவன் அடுப்பு புகைகிறது என்று எழுதினான், ஒருவன் அடித்தளம் சாய்ந்துவிட்டது என்று எழுதினான். என்னையும் அப்படியே எழுதச் சொன்னார்கள். நான் கட்டிய கூரையை ஒழுகுகிறது என்று என் கையால் எழுத மாட்டேன் என்றேன். அதற்காகவும் கோபம். என் கூரையும் ஒழுகுகிறது என்று கெர்த்து என் சார்பில் வாயாலேயே பரப்பிவிட்டாள்.

அது கடல் தாண்டிப் போய்விட்டது. சுவீடனிலிருந்து மார்யாத்தா அழுகிறாள். "கூரை ஒழுகுற வீட்லயாப்பா உக்காந்திருக்க, எங்கிட்ட ஏன் சொல்லல?" பல் மருத்துவரும் அதைக் கேள்விப்பட்டு விலையைக் குறைத்துவிட்டார்.

நீங்கள் நல்லது நினைத்துத்தான் செய்தீர்களா, வரிக்காரர்களுக்குத்தான் செய்தீர்களா, எனக்குத் தெரியவில்லை. இனி எனக்கு எழுத வேண்டாம். பூஜ்யமே போட்டுவிடுங்கள்.

தா. லாக்கோனன்


ஹெல்சிங்கி, 1980 ஜனவரி 6

லாக்கோனன் அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இந்த ஒன்றை மட்டும் படித்துவிட்டு அடுப்பில் போடுங்கள்.

பதினான்கு பதில் வந்தது. அவற்றின்படி கைவோமாக்கியில் மனிதர் குடியிருக்கத் தகுந்த வீடே கிடையாது. தலைவர் சிரித்துச் சிரித்துக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். நான் சிரிக்கவில்லை. ஊர் எப்படி எடுத்துக்கொள்ளும் என்று விசாரிக்காமல் பதினைந்து உறையை உங்கள் தலையில் கட்டியது என் முட்டாள்தனம். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். இந்தத் தாள்கள் வரி அலுவலகத்துக்குப் போகாது, பெயர்களைக் கிழித்த பிறகுதான் துளை போடவே போகும். இதை நீங்கள் நம்ப வேண்டும் என்று நான் ஏன் இவ்வளவு பாடுபடுகிறேன் என்று சொல்கிறேன்.

நான் கரேலியாக்காரி. எங்கள் வீடு இப்போது எல்லைக்கு அந்தப் பக்கம், ரஷ்யாவில். 1944இல் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தபோது எனக்குப் பதினான்கு வயது. வண்டி வாசலில் நிற்கிறது, மாடு கட்டியாயிற்று, அம்மா வாளியும் துணியும் எடுத்துத் தரையைக் கழுவ ஆரம்பித்தாள். அப்பா கத்தினார். "எவனோ வந்து மிதிக்கப் போறான், எதுக்குடி கழுவுற?" அம்மா நிமிரவில்லை. "அழுக்கா விட்டுட்டு வரமாட்டேன்" என்றாள். ஒரு மணி நேரம் கழுவினாள். பின்வாசல் வழியாக இறங்கினோம், ஈரத்தில் கால் படக் கூடாது என்று.

பிறகு இழந்த வீட்டுக்கு இழப்பீடு என்று ஒரு படிவம் வந்தது. எல்லோரும் இரண்டு அறையை நான்காக்கி எழுதினார்கள். அப்பா உட்கார்ந்து, கூரை வடக்கு மூலையில் ஒழுகும் என்று எழுதினார், அது உண்மையிலேயே ஒழுகியதால். எங்களுக்கு வந்த பணத்தில் ஒரு பசு வாங்கினோம். அதன் பிறகு நான் வாடகை அறைகளில்தான் இருக்கிறேன். இது பதினோராவது. ஜன்னலைத் திறந்தால் இன்னொரு ஜன்னல் தெரியும்.

இருபத்தைந்து வருடமாக நாட்டிலுள்ள வீடுகளுக்கெல்லாம் மதிப்புப் போடுகிறேன். ஒரு வீட்டுக்காவது சரியான மதிப்பை எழுதிவிட வேண்டும் என்று ஆசை. ஒழுகாத கூரையை ஒழுகுகிறது என்று எழுத மறுத்த ஒரே மனிதர் நீங்கள் என்பதால் அது உங்கள் வீடாக இருக்கட்டும் என்று நினைத்தேன். வேறொன்றுமில்லை.

ரைலி பாரோனன்


கைவோமாக்கி, பிப்ரவரி 3

பாரோனன் அம்மையாருக்கு,

அடுப்பில் போடவில்லை.

உங்கள் அம்மா தரை கழுவியதை நாலு தடவை படித்தேன். பிறகு எழுந்து போய்ச் சமையலறைத் தரையைக் கழுவினேன், சுத்தமாக இருந்த தரையை.

போன வாரம் ஏழு நாளும் குறிப்பேடு எழுதினேன். கேட்காமலேயே எழுதியது, இத்துடன் வைத்திருக்கிறேன். கூரையில் ஏறிப் பனி தள்ளியது மூன்று மணி நேரம். தண்ணீர்க் குழாய் உறைந்து, சூடான துணி சுற்றி இளக்கியது ஒன்றரை மணி. இதெல்லாம் நான் வீட்டுக்குச் செய்தது. வீடு எனக்குச் செய்ததையும் எழுதலாம் என்று பார்த்தேன். வெளியே மைனஸ் முப்பத்தொன்று, உள்ளே வெறும் சட்டையோடு உட்கார்ந்திருந்தேன், இருபத்து நான்கு மணி நேரமும். அதற்குமேல் எழுதத் தெரியவில்லை.

கடையில் எனக்கு மறுபடி காபி கிடைக்கிறது. உங்கள் கடிதத்தில் வரி அலுவலகம் பற்றிய பகுதியை மட்டும் கெர்த்துவிடம் படித்துக் காட்டினேன். மற்றதைக் காட்டவில்லை. "எழுத்தப் பாத்தா பொய் சொல்றவ மாதிரி தெரியல. கல்யாணம் ஆனவளா?" என்று கேட்டாள். அது கேள்வித்தாளில் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். கேட்க ஆள் இல்லாத பொருளுக்கு விலை சொல்ல எனக்குத் தெரியாது. ஆள் வந்தால் சொல்லலாம். மாடியில் ஓர் அறை இருக்கிறது. எல்மா போனதிலிருந்து பூட்டிக் கிடக்கிறது, ஏரி பார்த்த ஜன்னல். ஜூலையில் விடுமுறைக்கு நான்கு வாரம் வாருங்கள். என்ன தருவீர்கள் என்று நீங்கள் சொல்லுங்கள், என்ன கேட்பேன் என்று நான் சொல்கிறேன். இரண்டும் எங்கே சந்திக்கிறதோ அது இந்த ஊரின் வாடகை. பூஜ்யத்தை நீங்களே அடித்துவிடலாம்.

ஆகஸ்டில் நான் மகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதற்கு முன் ஒரு தடவையாவது இந்த வீட்டைத் தொழில் தெரிந்த ஒருவர் பார்க்கட்டும்.

தாவெத்தி லாக்கோனன்


ஹெல்சிங்கி, மார்ச் 2

லாக்கோனன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்து மூடி மூடித் திறந்தேன். ஆய்வுக்கு உட்பட்டவர் வீட்டில் ஆய்வாளர் தங்குவது அலுவலக வழக்கத்தில் இல்லை. தலைவரிடம் கேட்டேன். "உன் லீவு, உன் காசு, எங்க வேணா போ. ஆனா வாடகைக்கு ரசீது வேணும்" என்றார். அட்டவணையில் உங்கள் ஊருக்கு நேராக மட்டும் பூஜ்யத்தைச் செப்டம்பர்வரை பென்சிலால் எழுதி வைக்க அனுமதித்திருக்கிறார்.

ஏரி பார்த்த அறைக்கு மாதம் இருநூறு மார்க்கா தருவேன்.

ரைலி பாரோனன்


கைவோமாக்கி, மார்ச் 16

இருநூறு ரொம்ப அதிகம். அதை வாங்கினால் கெர்த்து என்னைக் கொள்ளைக்காரன் என்பாள். நூற்று முப்பது.

தா. லா.


ஹெல்சிங்கி, மார்ச் 27

இங்கே நான் இருக்கும் அறைக்கு நானூறு கொடுக்கிறேன், சுவரைப் பார்ப்பதற்கு. நூற்று முப்பது என்று தலைவரிடம் காட்டினால் எனக்குச் சலுகை காட்டியதாகச் சொல்வார், கணக்கில் சேர்க்க மாட்டார். தயவுசெய்து கொஞ்சம் பேராசைப்படுங்கள். சவுனாவும் சேர்த்து நூற்றுத் தொண்ணூறு.

ரை. பா.


கைவோமாக்கி, ஏப்ரல் 13

சவுனாவுக்கு இந்த ஊரில் ஒருவரும் காசு வாங்கியதில்லை, நானும் வாங்கமாட்டேன். அதைக் கழித்துவிடுங்கள். கூட்டியும் குறைத்தும் பார்த்ததில் நூற்று எழுபதுக்குமேல் என் வாய் வரவில்லை.

நேற்றோடு பேருந்தை ஒப்படைத்துவிட்டேன். உங்கள் அடுத்த கடிதத்தை வேறொரு ஆள் கொண்டுவருவான்.

தாவெத்தி


ஹெல்சிங்கி, ஏப்ரல் 20

நூற்று எழுபது. சம்மதம். ஜூலை ஒன்றாம் தேதி மாலைப் பேருந்தில் வருகிறேன்.

ரைலி


ஹெல்சிங்கி, ஆகஸ்ட் 4

லாக்கோனன் அவர்களுக்கு,

வந்து சேர்ந்தேன். ரை தானிய ரொட்டி வழியிலேயே பாதி தீர்ந்தது. கெர்த்து கொடுத்த அவுரிநெல்லி ஜாம் மூடி திறந்து, ரசீது நனைந்துவிட்டது. ஆனாலும் நூற்று எழுபது என்பது தெளிவாகத் தெரிகிறது.

தலைவர் ரசீதைப் பார்த்தார், ஒப்புக்கொண்டார், பென்சிலை அழித்து மையில் எழுதினார். நாட்டின் கணக்கில் கைவோமாக்கிக்கு இப்போது வாடகை உண்டு. கூரைகளெல்லாம் ஒழுகுவது நின்றுவிட்டது. நான் சந்தோஷமாக எழுந்து வந்திருக்க வேண்டும். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, அந்தத் தொகை தப்பு என்று நானே சொன்னேன்.

தப்புதான். வாடகைக்கு இருப்பவள் செய்யாத வேலையெல்லாம் செய்திருக்கிறேன். நீங்கள் தடுத்தும் கேட்காமல் கந்தல் துணியில் நெய்த தரைவிரிப்புகளை ஏரித் துறையில் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். விறகு அடுக்கினேன். மேல் அறை ஜன்னல் சட்டத்துக்கு வெள்ளை அடித்தேன், இரண்டு பூச்சு. என் குறிப்பேட்டின்படி மொத்தம் நாற்பத்து மூன்று மணி நேரம். இவ்வளவு வேலையும் செய்துகொண்டு நூற்று எழுபதும் கொடுத்தேன் என்றால் அந்த அறையின் மதிப்பு அதைவிட எவ்வளவோ அதிகம். தலைவர் மைப்பேனாவை மூடி வைத்தார். "வீட்டுக்குப் போய்த் தூங்கும்மா" என்றார்.

தூங்குவதற்கு முன் குறிப்பேட்டைத் துளை போடும் பெண்களிடம் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இருபத்தெட்டு நாளிலும் இரவு எட்டரைக்கு நேரே ஒரே சொல் இருந்ததாம், அதற்கு எண் கிடையாதாம். எடுத்துப் பார்த்தேன். சவுனாவுக்குப் பிறகும், சவுனா இல்லாத நாளிலும், உங்களோடு படியில் உட்கார்ந்திருந்த நேரம் அது. "ஒன்றுமில்லை" என்று எழுதியிருந்தேன்.

இந்த அறையில் இரவில் எனக்கு இப்போது தூக்கம் வருவதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ நடக்கிறார்கள், யாரென்று தெரியாது. அங்கே கீழே நீங்கள் அடுப்பைக் கிளறுகிற சத்தம் கேட்டால் தூங்கிப் போவேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

மகளுக்குப் பதில் சொல்லிவிட்டீர்களா? பல் மருத்துவர் எப்போது வருகிறார்?

ரைலி பாரோனன்


கைவோமாக்கி, செப்டம்பர் 14

அன்பான பாரோனன் அம்மையாருக்கு,

பதில் எழுதத் தாமதம். மார்யாத்தா வந்திருந்தாள். பல் மருத்துவரும் அதே வாரம் வந்தார், அளவுநாடாவோடு. அடுப்பை இடித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு மது அலமாரி வைக்கலாம் என்று தன் மனைவியிடம் சொன்னார், நான் பக்கத்தில் நிற்கும்போதே.

மார்யாத்தா திரும்பி வெளியே போனாள். ஏணியைச் சாத்திக் கூரைமேல் ஏறிவிட்டாள், சின்ன வயதில் ஏறுவதுபோல. ஒழுகும் இடத்தைத் தேடி ஒரு மணி நேரம் மேலேயே இருந்தாள். இறங்கி வந்து, "எங்கப்பா ஒழுகுது?" என்றாள். எங்கேயும் இல்லை என்றேன். "அப்ப சரி" என்றாள். பிறகு மேல் அறைக்குப் போய் ஜன்னலைப் பார்த்தாள். "வெள்ளை யாரு அடிச்சது? நீ அடிச்சா இவ்வளவு நேர்த்தியா இருக்காதே." வாடகைக்கு இருந்தவர் என்று சொன்னேன். அவள் அவ்வளவு சிரித்து நான் பார்த்து வருடக்கணக்காகிறது.

அன்றே சொல்லிவிட்டேன். மகளே, இந்த வீடு சும்மா நிற்கவில்லை, மாதம் இவ்வளவுக்கு எனக்கு வேலை செய்கிறது, நாட்டுக் கணக்கிலேயே ஏறியிருக்கிறது, ஹெல்சிங்கியில் மையால் எழுதியிருக்கிறார்கள் என்று. பல் மருத்துவர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு போனார்.

இப்போது என் கஷ்டத்தைக் கேளுங்கள். இலை உதிர ஆரம்பித்துவிட்டது. அக்டோபர் கடைசிக்குள் உள் ஜன்னல்களை மாட்டிப் பட்டை ஒட்ட வேண்டும். கீழே வருடா வருடம் ஒட்டுவதுதான். மேல் அறைக்கு ஆறு வருடமாக ஒட்டவில்லை. ஆள் இல்லாத அறைக்குப் பஞ்சும் பசையும் எதற்கு, பனிக்காலம் முழுக்க அதைச் சூடாக்க விறகு எதற்கு என்று கதவைச் சாத்திக் கீழே கந்தலைச் செருகிவிடுவேன். நீங்கள் போனதிலிருந்து அந்தக் கதவைச் சாத்தவில்லை.

இந்த வருடம் மேல் அறைக்கும் ஒட்டட்டுமா என்று கேட்கிறேன். வாடகை வேண்டாம்.

இன்னொன்று. நமக்குள் இந்த மரியாதைப் பேச்சை விடலாம் என்று பெண்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பது நாம் வளர்ந்த முறை. நான் நான்கு வாரம் படியில் உட்கார்ந்து காத்திருந்தேன். வயதில் மூத்தவனும் சொல்லலாமாம், அது நேற்றுத்தான் கெர்த்து சொல்லித் தெரிந்தது.

தாவெத்தி


ஹெல்சிங்கி, அக்டோபர் 5

அன்புள்ள தாவெத்தி,

வயதில் மூத்தவர் சொல்வார் என்று நானும் அதே படியில் நான்கு வாரம் காத்திருந்தேன். கெர்த்துவை ஜூலையிலேயே கேட்டிருக்க வேண்டும்.

எங்கள் தொழிலில் புதிதாகச் சேர்பவர்களுக்கு ஒரு வேடிக்கைக் கணக்குச் சொல்லுவோம். சம்பளத்துக்கு வைத்த சமையற்காரியை ஒருவன் கல்யாணம் செய்துகொண்டால் நாட்டின் வருமானம் அந்தச் சம்பளத்தளவு குறைந்துவிடும். அவள் அதே சமையலைத்தான் செய்வாள், ஆனால் கணக்கிலிருந்து காணாமல் போய்விடுவாள். இருபத்தைந்து வருடமாக இதைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். உன் கடிதம் வந்த அன்று, மேல் அறை வாடகைக்காரியை வைத்து அதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ரசீது நின்றுபோகும், நூற்று எழுபது அப்படியே நிற்கும். சொந்த வீட்டில் காசு கொடுக்காமல் இருப்பவருக்கும் வாடகை எழுத வேண்டும் என்பதுதானே என் வேலை. தலைவரிடம் காட்டினேன். நாட்டுக்கு ஒரு பென்னிகூட நஷ்டமில்லை என்று ஒப்புக்கொண்டார். பிறகு எழுந்து நின்று கை குலுக்கினார்.

உன் பக்கத்து நகரத்தில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் வேலைக்கு ஆள் இல்லை. சம்பளம் குறைவு. நானே போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், நவம்பர் முதல். பதினோராவது அறையைக் காலி செய்கிறேன். நேற்று அதன் தரையைக் கழுவினேன். கழுவும்போது அம்மாவை நினைத்துக்கொண்டேன், ஆனால் அழவில்லை. இந்த முறை போவதற்கு ஓர் இடம் இருக்கிறது.

இருபத்தைந்தாம் தேதி, சனிக்கிழமை, மதியப் பேருந்தில் வருகிறேன். தண்ணீரில் ஒன்பது வாளியை எனக்கு விட்டுவை. கீழ் ஜன்னல்களையெல்லாம் ஒட்டி முடித்துவிடு, மாவுப் பசையைக் கொஞ்சம் மீத்து வை. மேல் அறைக்கு மட்டும் நான் வரும்வரை ஒட்டாதே. நீ பட்டையைப் பிடி, நான் ஒட்டுகிறேன். உள்பக்கமிருந்து.

ரைலி